தொந்தரவு இல்லாதபோது எதைத் தேடுகிறார்கள்: ஒரு நீரிழிவுப் புறநோயாளிகள் பிரிவைப் பற்றிய மதிப்பீடு

நீரிழிவுக்கான புறநோயாளிகள் பிரிவை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. காத்திருப்புக் கூடத்தின் வசதியோ, மருத்துவரின் பெயருக்குப் பின்னால் நிற்கும் பட்டங்களோ, சென்ற முறையைவிடச் சர்க்கரை எத்தனை புள்ளி குறைந்தது என்பதோ அதற்குப் போதாது. "எந்தத் தொந்தரவும் இல்லை" என்று சொல்லி வந்து உட்காரும் நோயாளியிடம் அந்தப் பிரிவு எதைத் தேடிப் பார்க்கிறது என்பதே என் அளவுகோல். விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் கெடத் தொடங்கும் காலத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பார்வை மங்கி, கால் வீங்கி, புண் வந்து நோயாளி தானாக முறையிடும் நிலையில், மீட்க முடியாத ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். இரண்டாம் வகை நீரிழிவுள்ள என் மாமனார் சில ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒரு பல்துறை மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவை, உடன் செல்பவன் என்ற முறையில், இந்த அளவுகோலின்படியே இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: கால் பரிசோதனையிலும் ஊசி போடும் முறையைக் கற்பிப்பதிலும் இந்தப் பிரிவு மிகச் சிறப்பாக இருக்கிறது, கண் பரிசோதனையில் நன்றாக இருக்கிறது, சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, பரிசோதனையைச் செய்துவிட்டு அதன் முடிவைக் கைவிட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் எங்கே போயிற்று என்பதைக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

பதிவு, ரத்தம் எடுத்தல், எடை பார்த்தல் ஆகியவை எங்கும் உள்ளபடியே நடக்கின்றன. குறிப்பிடத் தக்கது ரத்த அழுத்தம் பார்க்கும் விதம். நடந்து வந்தவரை அப்படியே உட்கார்த்திப் பட்டையைச் சுற்றும் வழக்கம் இங்கே இல்லை. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகே அளக்கிறார்கள். வயதானவர்களுக்கு எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறையும் அளக்கிறார்கள். நீண்ட கால நீரிழிவில் ரத்தக் குழாய்களைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் பழுதுபட்டால் எழுந்தவுடன் அழுத்தம் சரிந்து மயக்கம் வரும் என்பதால், இந்த இரண்டாவது அளவு வெறும் சடங்கு ஆகாது. சர்க்கரைக்கு ஓடி ஓடி மருந்து சாப்பிடும் பலர் ரத்த அழுத்தத்தை இரண்டாம் பட்சமாகவே நினைக்கிறார்கள். 1998இல் வெளியான பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வில், அழுத்தத்தைச் சராசரியாக 154/87 என்ற நிலையில் விட்டவர்களோடு ஒப்பிட, 144/82 வரை குறைத்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதமும் நீரிழிவு சார்ந்த இறப்பு 32 சதவீதமும் குறைந்தன. இன்று பெரும்பாலானோருக்கு 130/80க்குக் கீழே என்ற இலக்கு பரிந்துரைக்கப்படுகிறது. இந்தப் பிரிவின் சீட்டில் சர்க்கரை அளவுக்கு மேலே, முதல் வரியிலேயே ரத்த அழுத்தம் எழுதப்படுகிறது என்பதை நான் ஒரு நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி கால் அறை. இந்த மருத்துவமனையைப் பிறருக்குப் பரிந்துரைக்கத் தூண்டுவது இந்தச் சிறிய அறைதான். இரண்டு காலுறைகளையும் கழற்றாமல் யாரையும் அங்கிருந்து அனுப்புவதில்லை. தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையை எடுத்துக்கொண்டு செவிலியர் என் மாமனாரிடம், "ஐயா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாதத்தில் தொட்டது தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்றார். அந்த இழை 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. அது வளையும்வரை அழுத்தியும் ஒருவருக்கு உணர்வு தெரியவில்லை என்றால், காலைக் காக்கும் உணர்ச்சி அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள். முதலில் அதைக் கையில் தொட்டு, எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டினார். பிறகு பெருவிரலின் அடியிலும் முன்பாதத்தின் மேடுகளிலும் வரிசை மாற்றி மாற்றித் தொட்டார், தோல் தடித்துக் காய்த்த இடங்களைத் தவிர்த்தார், இடையிடையே தொடாமலே "இப்போது?" என்றும் கேட்டார். ஊகித்துச் சொல்பவர்கள் அங்கே சிக்கிக்கொள்வார்கள். இடது பெருவிரலின் அடியில் இழை வளைந்து நின்றபோது மாமனார் பேசாமல் இருந்தார். செவிலியர் இன்னும் தொடவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்து 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொன்னார். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்த்தார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த நேரத்தில் அவருடைய காலணிகளை எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவினார். இடது காலணியின் உள்தோல் முன்பக்கத்தில் சுருண்டு ஒரு விளிம்பாக நின்றுகொண்டிருந்தது. பெருவிரலின் பக்கவாட்டில் அதே இடத்தில் தோல் சிவந்திருந்தது. மாமனாருக்கு அது எத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்தது என்றே தெரியாது, ஏனெனில் அது அவருக்கு உறுத்தவே இல்லை. நீரிழிவுக் கால் புண்களில் கணிசமானவை இப்படித்தான் தொடங்குகின்றன: உணர்ச்சியற்ற பாதம், பொருந்தாத காலணி, யாரும் பார்க்காத சில வாரங்கள். 1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட்டில் கூடிய ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள், நீரிழிவால் கால் எடுக்க நேர்வதை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கை அறிவித்தார்கள். அந்த நோக்கம் நிறைவேறப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை என்பதற்கு இந்த அறையே சாட்சி. ஓர் இழை, ஓர் இசைக்கவை, காலணிக்குள் கையை விடத் தயங்காத ஒருவர் இருந்தால் பெரும்பகுதி ஆகிவிடுகிறது.

பரிசோதனையின் முடிவில் அவருடைய சீட்டில் ஆபத்து நிலையைக் குறித்தார்கள். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்; உணர்ச்சி மட்டும் குறைந்தவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை; அதோடு ரத்த ஓட்டக் குறைவோ பாத எலும்பின் வடிவ மாற்றமோ சேர்ந்தால் மூன்று முதல் ஆறு மாதம்; முன்பே புண் வந்து ஆறியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதம். இது சர்வதேச வழிகாட்டுதல்களில் உள்ள கணக்கே. ஆனால் எல்லோரையும் ஒரே இடைவெளியில் வரச் சொல்லும் மருத்துவமனைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொன்ன விதமும் நன்றாக இருந்தது: தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, நகத்தை நேராக வெட்டுவது, ஆணிக்காலுக்குக் கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டாமல் இருப்பது, விரல் இடுக்கில் களிம்பு பூசாமல் இருப்பது. ஒரு பாதம் மட்டும் திடீரென்று சூடாகிச் சிவந்து வீங்கினால், வலி இல்லாவிட்டாலும் அதன்மேல் நடக்காமல் உடனே வர வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். எலும்புகள் நொறுங்கிப் பாதம் உருக்குலையும் அந்த நிலையைச் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

கண் பரிசோதனை அதே கட்டடத்தில் நடப்பது பெரிய வசதி. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும், முதல் வகையில் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் முதல் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். இரண்டாம் வகை பல ஆண்டுகள் சத்தமின்றி இருந்த பிறகே கண்டுபிடிக்கப்படுவதால், சிலருக்கு முதல் நாளிலேயே விழித்திரையில் மாற்றம் இருக்கும். கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படித்துக் காட்டியதைக் கண் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை இங்கே பொறுமையாகத் திருத்துகிறார்கள். எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிபவருக்கும் விழித்திரையில் ரத்தக் கசிவு இருக்கலாம். எனக்குள்ள குறை, கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போடப்போவதை முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது. சில மணி நேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும் என்பதால் அன்று வண்டி ஓட்ட முடியாது. தனியாக வந்தவர்கள் அங்கே தவிப்பதைப் பார்த்தேன்.

ஆனால் இந்தப் பிரிவின் மருத்துவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்பதை எனக்குக் காட்டியதும் கண் தொடர்பான ஒரு கேள்வியே. மாமனாரின் ஹெச்பிஏ1சி, அதாவது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண், ஒரு சமயம் மிக உயர்ந்திருந்தது. இன்சுலின் தொடங்குவது பற்றிப் பேசும்போதே மருத்துவர், "கடைசியாகக் கண் பார்த்த அறிக்கை இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்று சொல்வேன்" என்றார். நெடுங்காலம் உயர்ந்திருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை தற்காலிகமாக மோசமடையக்கூடும். 1993இல் முடிவுகள் வெளியான, முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைக் கொண்ட ஆய்விலேயே இது தெரிந்தது. அதே ஆய்வுதான், தீவிரக் கட்டுப்பாட்டால் புதிதாக விழித்திரை நோய் வரும் ஆபத்து 76 சதவீதம் குறைகிறது என்பதையும் நிறுவியது. நீண்ட காலத்துக்குக் கட்டுப்பாடு கண்ணைக் காக்கும், ஆனால் தொடக்கத்தில் கண்ணைப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்ன மருத்துவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

இந்த நல்ல பெயரைக் கெடுப்பது சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பதே சிறுநீரகப் பாதிப்பை முதலில் காட்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு, 300ஐத் தாண்டினால் கடும் கசிவு. ரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டு "கிட்னி நன்றாக இருக்கிறது" என்று சொல்வது ஏமாற்றும், ஏனெனில் சிறுநீரகச் செயல்பாடு கணிசமாகக் குறையும்வரை அந்த எண் இயல்பு வரம்புக்குள்ளேயே நிற்கக்கூடும். இங்கே சரியான பரிசோதனையைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதன் முடிவு ஆலோசனை முடிந்து நோயாளி வீடு திரும்பிய பிறகே வருகிறது. வந்த முடிவைப் பார்ப்பது யார் பொறுப்பு என்று தெரியவில்லை. மாமனாரின் விகிதம் 30ஐத் தாண்டிய அறிக்கை கோப்புக்குள் யாராலும் படிக்கப்படாமல் கிடந்து, அடுத்த வருகையின்போது நான் தாள்களைப் புரட்டியதால் வெளியே வந்தது. தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் ஆல்புமின் தற்காலிகமாக உயரும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது உயர்ந்திருந்தால்தான் அதை உறுதி செய்வார்கள். மறு பரிசோதனைக்கு ஓடியிருக்க வேண்டிய மாதங்களைக் கோப்பு தின்றுவிட்டது.

இதைச் சிறு நிர்வாகக் குறை என்று கடந்து போக எனக்கு மனமில்லை. இந்தக் கட்டத்தில் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. சிறுநீரகத்தைக் காக்கும் ரத்த அழுத்த மருந்துகளான லோசார்டன், இர்பெசார்டன் ஆகியவற்றின் பயன் 2001லேயே நிரூபிக்கப்பட்டது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளில் ஒன்றான கானாகிளிஃப்ளோசின், சிறுநீரகச் செயலிழப்பை நோக்கிய நகர்வைத் தாமதப்படுத்துகிறது என்பது 2019இல் தெளிவாயிற்று. ஆல்புமின் கசிவுள்ள 160 பேரை மட்டுமே கொண்டு டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனித்தால் இதய, ரத்தக் குழாய் நிகழ்வுகளின் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது என்று 2003இல் காட்டியது. கசிவைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் இவையெல்லாம் தொடங்க முடியும். பிறகு மருத்துவர் வருத்தம் தெரிவித்து, மருந்தை மாற்றி, மறு மாதிரிக்குத் தேதியும் குறித்துக் கொடுத்தார். முடிவுகளைக் கண்காணிக்கும் முறை மாறியதாக இதுவரை எனக்குத் தெரியவில்லை.

ஹெச்பிஏ1சி இலக்கை வயதுக்கேற்ப மாற்றியது பாராட்டத் தக்கது. ரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் அந்த எண் மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. பொதுவாக 7 சதவீதத்துக்குக் கீழே என்பார்கள். எழுபது வயதைக் கடந்து, தனியாக நடைப்பயிற்சிக்குச் செல்பவருக்கு 7.5 வரை போதும் என்று மருத்துவர் சொன்னபோது மாமனாருக்கு அது அவமானமாகவே பட்டது. மதிப்பெண் குறைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். 10,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஓர் அமெரிக்க ஆய்வில், 6 சதவீதத்துக்கும் கீழே இறக்க முயன்ற குழுவில் இறப்புகள் கூடியதால் 2008இல் அந்தத் தீவிரச் சிகிச்சையையே நிறுத்த வேண்டியதாயிற்று என்பதைச் சொல்லித்தான் அவரை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்ப்பது என்ற விதியை அவரையே திருப்பிச் சொல்லச் செய்து, எனக்கும் தனியே சொன்னார்கள்.

நீரிழிவுக் கல்வியாளர் என்ற பெயரில் இங்கே ஒரு பெண்மணி இருக்கிறார். இன்சுலின் போட்டும் சர்க்கரை ஏறி இறங்குகிறது என்று மருத்துவர் அனுப்பியபோது, அளவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வயிற்றைக் காட்டச் சொல்லி விரல்களால் தடவினார். தொப்புளுக்கு வலப்பக்கம், தினமும் கைக்கு எட்டும் அதே இடத்தில், தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகத் திரண்டிருந்தது. அங்கே வலிக்காது என்பதால் எல்லோரும் அங்கேயே குத்துகிறார்கள். ஆனால் அந்தக் கட்டியிலிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. இடத்தை மாற்றும்போது அதே அளவு திடீரென்று முழுமையாக வேலை செய்து சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம் என்பதால், மருத்துவரிடம் பேசி அளவைச் சற்றுக் குறைத்த பிறகே புதிய இடத்தில் போடச் சொன்னார். இன்சுலின் பேனாவில் முதலில் இரண்டு யூனிட்டை வெளியே தள்ளிப் பார்ப்பது, அழுத்திய பின் பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுப்பது, ஒவ்வொரு முறையும் புது ஊசி என்று அவர் சொன்ன எதுவும் புதிதல்ல. ஆனால் மாமனாரைத் தன் கண் முன்னால் ஒரு முறை போட வைத்துப் பார்த்தவர் அவர் மட்டுமே.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்; பழைய வரலாற்றை ஒவ்வொருவரிடமும் நாமே ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. பல்லையும் ஈறையும் பற்றி யாரும் கேட்பதில்லை. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அந்தக் குறைவும் கால் மரத்துப்போகக் காரணமாகலாம் என்ற நிலையில், நாங்கள் கேட்ட பிறகே அந்தப் பரிசோதனையை எழுதினார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும் நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்று எழுதிய தாள் ஒன்று அவசியம் வேண்டும். அது இங்கே இல்லை. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளை, உணவு உட்கொள்ள முடியாத நிலையிலும் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அப்போது சர்க்கரை அளவு பெரிதாக உயராமலும் இருக்கலாம் என்பதால், அந்தத் தாள் இல்லாததைப் பெரிய குறையாகவே கருதுகிறேன். இந்த நோயோடு வாழும் சலிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கப்படுவதில்லை.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் வரிசை நீளும் நாட்களில் நெடுநேரம் பசியோடு நிற்கிறார்கள். இன்சுலின் போடுபவர்களையாவது முன்னால் அழைக்க வேண்டும். அதுவரை, காலை மருந்தைப் பற்றி முந்தைய நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, குளுக்கோஸ் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. கண் பரிசோதனை உள்ள நாளில் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தினமும் அணியும் காலணியையே போட்டுக்கொண்டு போங்கள். புதிதாக ஒன்றை அணிந்து போனால் கால் அறையில் பார்க்க வேண்டியது வீட்டிலேயே இருந்துவிடும். சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு எந்த நாளில் வரும் என்று ஆய்வகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நாளில் நீங்களே கூப்பிட்டு எண்ணைக் கேளுங்கள். 30ஐத் தாண்டியிருந்தால் அடுத்த முறைவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.